பேசக் கூடாத மேசை

முழங்கையால் குழாயின் நீளக் கைப்பிடியைத் தள்ளினாள் உலகம்மாள். தண்ணீர் சீறிக்கொண்டு வந்து விரல்களில் விழுந்தது. சரியாக அதே நேரத்துக்கா அந்த ஆட்டோவும் வந்து தொலைய வேண்டும்! ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே கை கழுவுகிற இடத்தில் தலைக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதற்கு அந்தப் பக்கம் பஜார் ரோடு. ஊரடங்கில் ரோட்டில் ஈ காக்கா இல்லை, அதனால் ஒலிபெருக்கிக் குரல் தங்குதடையில்லாமல் உள்ளே வந்தது. பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு, முகக்கவசம் மூக்கையும் வாயையும் மூடியிருக்கட்டும், கைகளைச் சோப்புப் போட்டு அடிக்கடி கழுவுங்கள். கழுவிக்கிட்டுத்தான்யா இருக்கேன், இங்க வேற என்ன செய்யுதேன், என்று மாஸ்க்குக்குள்ளேயே உதடு அசைந்தது அவளுக்கு. அது யாருடைய குரல் என்று இந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். மைக் சங்கரபாண்டி. கோயில் கொடை விழாவா, ஜவுளிக்கடைத் தள்ளுபடியா, கட்சிக் கூட்டமா, காணாமல் போன பிள்ளையா, எதுவானாலும் அந்தக் குரல் வந்து சொன்னால்தான் ஊருக்கு அது நடந்த மாதிரி. கொரோனா வந்ததும் ஒரே தடவை பேசிப் பதிவு செய்து கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு ஆட்டோக்கள் நாள் முழுக்கச் சுற்றுகின்றன. குரல் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது. குரலுக்குச் சொந்தக்காரர் இந்தக் கதவுக்கு உள்ளே மேசைமேல் மல்லாந்து படுத்திருக்கிறார். அவருடைய வலது கண்ணை இன்றைக்கு எடுக்க வேண்டும். எடுக்கப்போவது இப்போது கழுவிக்கொண்டிருக்கிற இந்தக் கைதான்.

கட்டைவிரலில் தொடங்கு, ஒவ்வொரு விரலுக்கும் நாலு பக்கம், நகத்தடி, விரலிடுக்கு, உள்ளங்கை, பிறகு மேலே ஏறு. படிக்கிற காலத்தில் கற்றது, கை தானாகவே செய்யும், மனசை அது கேட்பதில்லை. மனசுக்கு வேலையில்லாமல் போனதுதான் இப்போது வினை. வேலையில்லாத மனசு நேரே அவர் கண்ணைக் காட்ட வந்த அந்த வியாழக்கிழமைக்குப் போய் நின்றது. வேண்டாம் என்றாலும் போகிறது, நாக்கு போய்ச் சொத்தைப் பல்லையே தடவுகிற மாதிரி. சங்கரபாண்டி கையைத் தூக்கினார். வலது கை. ஆள்காட்டி விரல் மட்டும் நீட்டி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கிற மாதிரி தூக்கினார். அவள் என்ன செய்தாள்? உஸ், பேசாதீங்க என்றாள். சும்மா சொன்னால்கூடப் பரவாயில்லை, கையுறை போட்ட விரலால் அவருடைய நெற்றியைக் கண் பார்க்கிற மிஷினின் கம்பியோடு சேர்த்து ஒரு அழுத்து அழுத்தினாள். தூக்கிய கை இறங்கிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. வேறு ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு கை மேலே போனது, கீழே வந்தது. இதுக்குப் போயா இந்தப் பாடு படுத்துதே என்று மனசை அதட்டினாள். அது அடங்குகிற ஜாதியா என்ன. அவர் என்ன சொல்ல வந்தார், என்ன சொல்ல வந்தார் என்று மறுபடி ஆரம்பித்துவிட்டது.

பழுப்பு நிற மருந்துச் சோப்பு நுரைத்து மணிக்கட்டில் வழிந்தது. அதன் வாடை மாஸ்க்கைத் தாண்டி வரவில்லை. எந்த வாடையும்தான் வருவதில்லை, ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. முன்பெல்லாம் வாடையிலேயே பாதி ஊரை அடையாளம் சொல்லுவாளே அவள்! கண் டாக்டர் என்றால் என்ன? மனுஷ முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற ஆள். ஸ்லிட் லேம்ப் என்று டாக்டர்கள் சொல்லுவார்கள், ஊர்க்காரர்களுக்கு அது தாடை வைக்கிற மிஷின். அந்தப் பக்கம் அவர்கள் தாடையை வைப்பார்கள், இந்தப் பக்கம் இவள் கண்ணை வைப்பாள், நடுவில் ஒரு கோடு வெளிச்சம். அவர்கள் விட்ட மூச்சைத்தான் இவள் இழுப்பாள், இவள் விட்டதை அவர்கள். வெற்றிலை, பீடி, பூண்டுக் குழம்பு, காலையில் சாப்பிடாமல் வந்த வெறும் வயிற்றின் புளிப்பு, சர்க்கரை ஏறிப்போனவர்களிடம் அழுகின பழ வாடை. என்ன நாச்சியார், இன்னைக்குக் கருவாடா, என்று கேட்டால் அந்தம்மா வெட்கத்தில் தாடையை எடுத்துவிடும். அடடா, வைங்கம்மா, கருவாடு ஒண்ணும் தப்பில்லை என்று சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் நிஜமான நோய் வெளியே வரும். வாசலில் கேட்கிற பெண்ணிடம் ஒரு நோய் சொல்லுவார்கள், தாடையை வைத்ததும் வேறொரு நோய் சொல்லுவார்கள், அதுதான் இந்தச் சனங்களின் பழக்கம். வாசலில் கண் உறுத்துது என்பார்கள். தாடையை வைத்த பிறகு, டாக்டரம்மா, அது கெடக்கட்டும், ராத்திரியானா ஒரு பக்கம் இருட்டா மறைக்குதே என்பார்கள். ஆடாமல் தலையைக் கொடுத்துவிட்டால் மனுஷனுக்கு வாய் திறந்துகொள்கிறது. இது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் செய்தால் சரி போ என்று விடலாம். தெரிந்திருந்தும் அந்த மிஷின் மேசைக்குத்தான் அவள் பூட்டுப் போட்டாள்.

சும்மா ஒன்றும் போடவில்லை, பயத்தில் போட்டாள். யாருக்குத்தான் பயம் இல்லை? முதல் அலையில் ஜெபமணி டாக்டர் போய்ச் சேர்ந்தார், பக்கத்துத் தெருவில் கண் ஆஸ்பத்திரி வைத்திருந்தவர், ஆள் இரும்பு மாதிரி இருப்பார். பெட்டியை மூடியே கொண்டுபோனார்கள், அவள் மாடியிலிருந்து பார்த்தாள், கும்பிடக்கூடக் கை வரவில்லை. அன்றைக்கு ராத்திரியே பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை எடுத்து நடுவில் ரெண்டு ஓட்டை வெட்டி மிஷினில் தொங்கவிட்டாள். யாருடைய நெஞ்சோ அது, தாடையை வைத்தவர்களின் மூக்குக்கு நேரே விலா எலும்பாகத் தெரிந்தது. ஒரு பாட்டையா பயந்தே போனார், இது யாரு, போன மாசம் செத்தவனா என்றார். அப்புறம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகடு வாங்கிப் போட்டாள். போனில் வைத்தியம் பார்த்தாள். கண்ணைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னால் மூக்கை அனுப்பினார்கள், காதை அனுப்பினார்கள், ஒரு புண்ணியவான் மாட்டுக் கண்ணை அனுப்பி இதுக்கும் சேத்து எழுதிக் குடுங்க என்றான். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. புரை ஆபரேஷனெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், அவசரம் இல்லையாம். கண் தெரியாமல் அடுப்பில் கையை வைத்துக்கொண்ட பொம்பளைக்கு அது அவசரம் இல்லையா என்று கேட்க ஆளில்லை. கடைசியாகத்தான் அந்தப் போர்டு வந்தது. வாசலில் விவரம் கேட்டு எழுதுகிற ஜெனிபாவிடம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று நோயைச் சொல்லிவிட வேண்டும், உள்ளே வந்து தாடையை வைத்துவிட்டால் மூச்சுப் பேச்சு கூடாது. அவளே கொட்டை எழுத்தில் எழுதி மிஷினுக்கு மேலே ஒட்டினாள். இந்த மேசையில் பேசக் கூடாது. எழுதி முடித்துக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தபோது, பரவாயில்லையே, நல்ல ஏற்பாடுதான் என்றுகூட நினைத்தாள்.

வீட்டில் ஆஸ்துமாக்காரர் ஒருவர் இருக்கிறாரே, சதாசிவம், அவளுடைய வீட்டுக்காரர். மழைக்காலத்தில் அவர் மூச்சு இழுக்கிற சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். அந்த நெஞ்சில் இந்தச் சனியன் இறங்கினால் ஒரு நாள் தாங்குமா? அதற்காகத்தான் மாடி அறை, தனித் தட்டு, தனிச் செம்பு. கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு அவர் நாலு படி இறங்கி நின்று, சாப்பிட்டியா உலகு என்பார். அந்தப் பயத்தில்தானே எல்லாம் செய்தேன், ஆசைப்பட்டா செய்தேன் என்று யாரிடமோ வழக்காடுகிற மாதிரி இடது முழங்கையைத் தேய்த்தாள். வழக்காட எதிரே யார் இருக்கிறார்கள்? வெள்ளை ஓடு பதித்த சுவர். சுவருக்குப் பின்னால் அவர். அவர் கேஸ் போடப்போகிறாரா, சண்டைக்கு வரப்போகிறாரா? அவருக்கு என்ன தெரியும்? டாக்டரம்மா சொன்னாங்க, பேசவில்லை. இன்றைக்கு டாக்டரம்மா கண்ணை எடுக்கணும் என்றாள், சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தலையாட்டல்தான் அவளை அறுக்கிறது. சத்தம் போட்டு ஏசியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆட்டோ எங்கேயோ திரும்பியிருக்க வேண்டும், குரல் தேய்ந்து மறுபடி வளர்ந்தது. இந்தப் பேச்சு அவளுக்கு இப்போது மனப்பாடம். கை கழுவச் சொன்ன பிறகு கூட்டம் கூடாதீர்கள் வரும், அதற்குப் பிறகு காய்ச்சல் இருமல் வரும், அதற்குப் பிறகு வருவதுதான். கேட்க வேண்டாம். முழங்கையால் பிடியை இன்னும் தள்ளினாள், தண்ணீர் பெரிதாகக் கொட்டித் தொட்டியிலிருந்து தெறித்தது. தண்ணீரையும் மீறி வந்தது. அறிகுறி எதுவாக இருந்தாலும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். என்ன அழகான உச்சரிப்பு அந்த மனுஷனுக்கு, ழகரம் அப்படி உருளும், மருத்துவரிடம் என்பதை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொல்லுவார். சொல்லத்தானய்யா கையைத் தூக்கினீர்? ஊருக்கெல்லாம் சொன்னதை நீர் செய்து பார்த்தீர், இல்லையா? மேடம், தண்ணி, என்றாள் ரெஜினாள் சிஸ்டர் பின்னாலிருந்து. தரையெல்லாம் நனைஞ்சுட்டு. உலகம்மாள் பிடியை இழுத்துத் தண்ணீரைக் குறைத்தாள். காஜா சார் ரெடியாயிட்டாங்க மேடம், நீங்க வந்ததும் மயக்கம் குடுத்திரலாம்னு சொன்னாங்க. சரி சிஸ்டர், இந்தா வந்துட்டேன். வந்துட்டேன் என்று சொன்னாளே தவிர மறுபடியும் கட்டைவிரலிலிருந்து தொடங்கினாள்.

வியாழக்கிழமை அவர் வந்ததே ஒரு மாதிரிதான். கொரோனா வந்து ஆக்ஸிஜன் வைத்துப் பிழைத்துத் திரும்பியவர் என்று ஜெனிபா உள்ளே வந்து சொன்னாள். கண்ணு உறுத்துதாம், தண்ணி வடியுதாம், சுகர் உண்டாம். கொரோனா என்ற சொல் காதில் விழுந்ததுமே உலகம்மாள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். குணமாகி வந்தவர்தானே, அவரிடமிருந்து ஒட்டாது என்று படித்த மூளை சொன்னது. சொன்னால் கேட்கிற நிலையிலா இருந்தாள்? மாஸ்க்குக்கு மேலே இன்னொரு மாஸ்க், அதற்கு மேலே முகத்தகடு, மூக்குத்தண்டில் பிளாஸ்திரி ஒட்டியும் கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே இருந்தது. சங்கரபாண்டி கண்ணாலேயே சிரித்தபடி வந்து உட்கார்ந்தார், போர்டை ஒரு தரம் வாசித்தார், தாடையை வைத்தார். வலது கண் லேசாகச் சிவந்திருந்தது. இமை கொஞ்சம் உப்பல். தூங்கி எழுந்த முகம் போல அவ்வளவுதான். இடது பக்கம் பாருங்க, வலது பக்கம், மேல, கீழ. விழி ஓடியது. ஓடியதா? ஆவிக்குள்ளே பார்த்த மட்டும் ஓடியது. மேலே பார்க்கச் சொன்னபோது ஒரு இழுப்பு இருந்ததோ? பேப்பரில் அப்போதுதான் கறுப்புப் பூஞ்சை, கறுப்புப் பூஞ்சை என்று எழுதத் தொடங்கியிருந்தார்கள். சர்க்கரை உள்ளவன், ஸ்டீராய்டு ஊசி போட்டவன், கொரோனாவிலிருந்து எழுந்தவன், மூன்றும் சேர்ந்தால் மூக்குக்குள் பூஞ்சை முளைத்துக் கண்ணுக்குப் போகும், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும். மொத நாளில் அது கண்ணில் தெரியாது. கண்ணுக்கு முன்னால் கன்னம் சொல்லும். கன்னம் மரத்துப் போகும், பல் ஆடும், மூக்கில் கறுப்பாக வரும். இதையெல்லாம் மிஷின் காட்டாது, ஆள்தான் வாயால் சொல்ல வேண்டும். வாயால் சொல்வதற்குத்தான், விளக்கை இடது கண்ணுக்கு நகர்த்தும்போது, அவர் கையைத் தூக்கினார்.

இல்லை, வேறு ஏதாவதாகவும் இருக்கலாமே. எத்தனை தடவை இப்படிச் சொல்லிப் பார்த்துவிட்டாள்! தண்ணீர் வேண்டும் என்று கேட்க வந்திருக்கலாம். மூக்கு அரித்திருக்கலாம். உங்க போர்டுல எழுத்துப் பிழை இருக்கும்மா என்று சொல்ல வந்திருக்கலாம், அவர் அப்படிப்பட்ட ஆள்தான், கடைப் போர்டில் ஒற்று விட்டிருந்தால் இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வருகிற ஆள். ஐயா சாமி, அப்படி ஏதாவது இருக்கட்டுமே! கை மரத்துக் குடைச்சல் எடுத்து நீட்டி மடக்கியிருக்கலாம். ஆனால் கை நீட்டி மடக்குகிறவன் விரலை மட்டும் நீட்டி டாக்டர் முகத்தைப் பார்ப்பானா? சொட்டு மருந்து எழுதினாள், கண்ணைக் கசக்காதீங்க, ஒரு வாரம் கழிச்சு வாங்க. அவர் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தார். அதையாவது பார்த்தாளே, பார்த்துவிட்டு என்ன செய்தாள், ஸ்பிரிட்டை எடுத்து அவர் தாடை வைத்த இடத்தைத் துடைத்தாள். அவர் கண் முன்னாலேயே துடைத்தாள். ச்சீ என்று இருந்தது இப்போது நினைத்தால். ஒரு வாரம் ஆகவில்லை. திங்கட்கிழமையே அவர் மனைவி மாரிச்செல்வி தோளில் தாங்கிக் கூட்டிக்கொண்டு வந்தாள். வலது இமை இழுத்து மூடிய ஷட்டர் மாதிரி இறங்கிக் கிடந்தது, தூக்கிப் பார்த்தால் விழி பிதுங்கி அசையாமல் நின்றது. டார்ச்சை அடித்தாள். வெளிச்சம் தெரியுதா? தலையை இல்லை என்று ஆட்டினார். இப்ப? இல்லை. இப்ப? இல்லை. அப்போதும் வாயைத் திறக்கவில்லை அந்த மனுஷன், மேசையில் உட்கார்ந்திருக்கிறோமே என்று.

எப்ப இருந்து இப்படி, கன்னம் மரத்துப்போச்சா, பல்லு ஆடுச்சா என்று மாரிச்செல்வியிடம் கேட்டாள், படபடவென்று கேட்டாள், இப்போது கேட்டு என்ன? எனக்கு என்னம்மா தெரியும் என்று அழுதாள் அவள். புதன்கிழமை ராத்திரி முகத்தைத் தடவிக்கிட்டே இருந்தாக. என்னன்னு கேட்டதுக்கு, ஒண்ணுமில்ல, நாளைக்கு டாக்டரம்மாகிட்ட சொல்லிக்கிடுதேன்னாக. அதுக்கப்புறம் நான் கேக்கல. டாக்டரம்மாகிட்ட சொல்லிக்கிடுதேன். இந்த நாலு நாளில் இந்த வார்த்தை எத்தனை தடவை காதுக்குள் கேட்டுவிட்டது, சாப்பிட உட்கார்ந்தால் கேட்கிறது, படியில் நின்று சதாசிவம் சாப்பிட்டியா என்றால் அதற்கு அடியில் கேட்கிறது. அப்புறம் எல்லாம் ஓட்டம்தான். ஸ்கேன், மூக்கு டாக்டர் உள்ளே விட்டுச் சுரண்டியெடுத்த கரிக்கட்டை போன்ற சதை, பூஞ்சைக்கான ஊசி மருந்து எங்கேயும் கிடைக்காமல் மாரிச்செல்வியின் தம்பி மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் அலைந்தது. கிடைத்து ஏற்றியும் பூஞ்சை நிற்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் குழி முழுக்கப் பரவிவிட்டது. பார்வை திங்கட்கிழமையே போய்விட்டது, இனி வராது. செத்த கண்ணை அங்கேயே விட்டுவைத்தால் பூஞ்சை மூளைக்கு ஏறிவிடும், ஆளே இருக்க மாட்டார். எடுத்தாலும் இருப்பார் என்று கையடித்துச் சொல்ல முடியாது. எடுத்தால் வழி உண்டு, அவ்வளவுதான். வியாழக்கிழமையே கண்டுபிடித்திருந்தால்? அன்றைக்கே மூக்கைச் சுத்தம் செய்து மருந்து ஏற்றியிருந்தால் கண் தப்பியிருக்கலாம். தப்பாமலும் போயிருக்கலாம். அந்தத் தப்பாமலும் போயிருக்கலாம் என்பதில் போய் ஒண்டிக்கொள்ளப் பார்த்தாள், அது இடம் தரவில்லை.

மேடம், போதும் மேடம், தோல் உரிஞ்சிரும், என்றாள் ரெஜினாள். உலகம்மாள் கையைப் பார்த்தாள். விரல் மடிப்புகளில் தோல் சிவந்து வெந்திருந்தது. இவ்வளவு கழுவின கையை இந்த ஜென்மத்தில் அவள் பார்த்ததில்லை. ஒன்று மட்டும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது, அதை நினைக்காமல் இருக்கத்தான் இத்தனை நேரம் கழுவினாள் என்பதும் தெரிந்தே இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து தினம் ரெண்டு வேளை வார்டுக்குப் போய் அவரைப் பார்க்கிறாள். காய்ச்சல் கேட்டாள், சர்க்கரை கேட்டாள், சாப்பாடு கேட்டாள். அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்க என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் ஐந்து வினாடி ஆகாது. கேட்க வேண்டும் என்று போவாள், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பாள், ட்ரிப் பாட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவாள். இப்போது மயக்கம் கொடுத்தால், அதற்குப் பிறகு ஆள் எழுந்திரிக்காமலே போனால், அது என்ன என்று கடைசிவரைக்கும் தெரியாது. தெரியாமலே போகட்டுமே என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. சொன்னது அவளேதான், வேறு யார். அப்படி ஒரு நினைப்பு தனக்குள் எழுந்ததைக் கண்டு அவளுக்கே பகீரென்றது. குழாயை முழங்கையால் மூடினாள். ரோட்டில் குரல் இல்லை, ஆட்டோ வேறு தெருவுக்குப் போயிருந்தது.

கைகளை நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்தபடி, எதிலும் படாமல், முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பெரிய விளக்கு இன்னும் போடவில்லை. பச்சைத் துணிக்கு வெளியே சங்கரபாண்டியின் முகம் மட்டும் தெரிந்தது, வலது கண்ணுக்கு மேலே நெற்றியில் ஊதா மையால் ஒரு அம்பு. தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர் காஜா மைதீன் ரப்பர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாங்க மேடம், ஆரம்பிச்சிரலாமா, என்றார். உலகம்மாள் பதில் சொல்வதற்குள் துணிக்கு அடியில் ஏதோ அசைந்தது. ஊசி குத்தாத வலது கை மெல்ல வெளியே வந்தது. ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டிக்கொண்டு மேலே எழுந்தது.

"பேசலாமாம்மா?" என்றார் சங்கரபாண்டி. குரல் கம்மிப்போயிருந்தது, ரோட்டில் போகிற குரலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

காஜா மைதீன் மூடியை முகத்துக்குக் கொண்டுபோனார். "இருங்க சார்," என்றாள் உலகம்மாள். "அவர் பேசட்டும்."

"அன்னைக்கு வந்தப்பவே சொல்லணும்னு நெனச்சேன். இந்தப் பக்கத்துக் கன்னம் செத்த கன்னமா இருந்துச்சும்மா. சவரம் பண்ணும்போது பிளேடு கிழிச்சு ரத்தம் வந்துருக்கு, எனக்குத் தெரியவே இல்ல. சட்டையில சொட்டினப்புறந்தான் பாத்தேன். உங்ககிட்ட கேக்கலாம்னு கையைத் தூக்குனேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அப்புறம் நெனச்சேன், டாக்டரம்மா இவ்வளவு பக்கத்துல பாக்குதாங்க, அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு."

உலகம்மாள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். உயர்த்திய கைகள் அப்படியே நின்றன, எங்கேயும் வைக்க முடியாது, அவரைத் தொடவும் முடியாது. தலையை ஆட்டிவிட்டு, சரி, பரவாயில்லை, ஒண்ணும் இல்லை என்று சொல்லிவிடலாம். விளக்கைப் போடச் சொல்லிவிடலாம்.

"எனக்குத் தெரியல, சங்கரபாண்டி," என்றாள். "கன்னத்தை நான் தொட்டே பாக்கல. நீங்க சொன்னாத்தான் தெரிஞ்சிருக்கும். சொல்ல விடாம பண்ணுனது நான்தான்."

ரெஜினாள் கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தினாள். அவர் இடது கண் கூரையைப் பார்த்தது, பிறகு நகர்ந்து வந்து அவள் முகத்தகட்டில் நின்றது.

"அப்ப, அன்னைக்கே சொல்லியிருந்தா…"

"இருந்திருக்கலாம்," என்றாள் அவள். "கண்ணு இருந்திருக்கலாம்."

அவர் நீட்டிய விரல் மடங்கியது, கை நெஞ்சின் மேல் இறங்கியது.

"மாரிச்செல்விகிட்ட இதைச் சொல்லிராதீங்கம்மா," என்றார். "என்னையத்தான் ஏசுவா. ஊருக்கெல்லாம் வாயைத் தொறக்குத மனுசன், அங்க போய் ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னு கேப்பா. அவளுக்கு என்ன பதில் சொல்ல நான்?"

"நான் சொல்லுதேன் அவங்ககிட்ட. நானே சொல்லுதேன்."

வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இன்னும் ஏதாவது சொல்லணுமா என்று கேட்டாள். அதற்கும் இல்லை என்று ஆட்டினார். இடது கண்ணின் ஓரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது, அதைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை. ரெஜினாள் வந்து துடைத்தாள்.

காஜா மைதீன் குனிந்து ரப்பர் மூடியை அவர் மூக்குக்கும் வாய்க்கும் மேலே பொருத்தினார். நல்ல மனுஷர், எல்லோரிடமும் பதமாகத்தான் பேசுவார்.

"இனிப் பேசாதீங்க, அண்ணாச்சி," என்றார். "மூச்சை மட்டும் நல்லா இழுங்க."

சங்கரபாண்டி உடனே வாயை மூடிக்கொண்டார்.